கோடாலித் தைலத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன ஆலோசகர்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் ஆலோசனை மையத்துக்குப் பத்து வாரம் போய்வந்தேன். ஒரு தடவைக்கு 50 நிமிடம், 130 வெள்ளி. குறைகளும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. அங்கே செய்யும் சிபிடி (CBT), அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பதற்றத்தைக் குறைக்கும் பேச்சுச் சிகிச்சை முறையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஹவ்காங்கில் ஏறி ஹார்பர்ஃபிரண்டில் இறங்குவேன், தினமும் வேலைக்கு. போன வருடம் ஒரு காலை பூன் கெங் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. இரண்டு நிமிடம்தான் இருக்கும், ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டு, விரல் மரத்து, இதோ விழப்போகிறேன் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து பேருந்துதான். இதயத்தைப் பரிசோதித்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார்.

முதல் நாளே ஆலோசகர் கட்டம் போட்ட தாளை நீட்டினார். என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடியது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, எல்லாம் பார்த்தபின் என்ன தோன்றுகிறது. மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் இப்படித் தானாக ஓடும் எண்ணங்களைக் கவனித்துத்தான் 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்தச் சிகிச்சையை உருவாக்கினாராம். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நானும் ஆங்கிலத்தில் 'மயங்கிவிடுவேன்' என்று எழுதினேன், ஒன்றுமே தோன்றவில்லை. "தமிழ்லயே எழுதுங்கக்கா" என்றார். 'எல்லாரும் பாக்க விழுந்து கெடக்கப்போறேன், மானம் போகப்போகுது' என்று எழுதி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. சாவுக்குப் பயப்படுகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதுவரை எத்தனை தடவை மயங்கி விழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை. மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது, பதற்றத்தில் அது ஏறத்தான் செய்யும் என்று விளக்கினார். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் சண்டையே வந்தது. கைப்பையில் எப்போதும் கோடாலித் தைலம் இருக்கும், படபடப்பு வந்தால் முகர்வேன். அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். எனக்குக் கோபம். தைலம் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும், தானாகவே அடங்கியது என்பதைக் கற்றுக்கொள்ளவே கொள்ளாது என்றார். அப்புறம் படிப்படியாகப் பயிற்சி. முதல் படி ஃபேரர் பார்க்கிலிருந்து லிட்டில் இந்தியா, ஒரே ஒரு நிறுத்தம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும், அது இறங்கும்வரை திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். முதல் முறை 80. கம்பியைப் பிடித்த உள்ளங்கை வழுக்கியது. ஐந்தாம் முறை 45.

குறை என்றால், தாள்கள் எல்லாமே ஆங்கிலம், அம்மா வயதுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுப் பாடம் நிறைய, செய்யாமல் போன வாரம் 130 வெள்ளியும் வீண்தான். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு வந்தால் போதும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, மானியக் கட்டணத்தில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் எதற்கும் காத்திருக்காமல் சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்கு அழையுங்கள்.

பத்தாவது வாரம் ஹவ்காங்கிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை தனியாகப் போனேன், தைலம் இல்லாமல். சைனாடவுனில் 60 வரை ஏறியது, ஊட்ரம் பார்க்கில் 30. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், கட்டாயம் போவேன்.