கயிறு அறுத்த கத்தி

நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் போன மாதம் ஒரு பையன் வந்தான். பி.காம். இரண்டாம் வருஷம், எதிர் வீட்டு அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். "ஆன்ட்டி, நீங்க வாங்கவே வேண்டாம், டெமோ மட்டும் பாருங்க. பார்த்தாலே எனக்கு பாயின்ட் வரும்" என்றான். வெயிலில் வந்த பிள்ளை, மோரைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

பையில் இருந்து ஒரு துண்டுத் தாம்புக்கயிற்றை எடுத்தான். என் சமையலறைக் கத்தியை வாங்கி அறுத்தான், வழுக்கியது. அவன் கத்தியை எடுத்து இரண்டு இழுப்பு, கயிறு இரண்டாகிவிட்டது. அப்புறம் காந்தத்தை ஒட்டிக் காட்டி "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்றான். ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், மரத்தாங்கி. பெட்டி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 18,000 ரூபாய், மாணவர் மூலம் வாங்கினால் 8,500. ஜிபே செய்தேன். பில் என்று கொடுத்த தாளில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்பதை மறுநாள்தான் பார்த்தேன்.

முதல் வாரம் தக்காளி வெண்ணெய் மாதிரி அறுந்தது, பொய் சொல்லக் கூடாது. சேனைக்கிழங்கில் வைத்ததும் பெரிய கத்தி வளைந்து கொடுத்தது. இரண்டாவது வாரம் பிடியில் ஆணி ஆடத் தொடங்கியது. வாழ்நாள் கேரன்டியாம். கம்பெனிக்குப் போன் செய்தால், சொந்தச் செலவில் டெல்லிக்கு கூரியர் அனுப்பச் சொன்னார்கள்.

தெருவில் சாணை பிடிக்க வந்த பெரியவரிடம் அதைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "இது பல்லு வச்ச கத்திம்மா. கயிறு, பிரெட்டுக்கு நல்லா ஓடும். பல்லு தேஞ்சா என் கல்லுல புடிக்க முடியாது." பாரிமுனையில் எப்போதோ வாங்கிய என் பழைய கத்திக்குச் சாணை பிடித்துக் கொடுத்தார். அதே கயிறு, அதுவும் அறுத்தது. மொண்ணைக் கத்தியோடு புதுப் பல் கத்தியைப் போட்டிக்கு விட்டதுதான் டெமோவின் மொத்த வித்தை. காந்தம் ஒட்டுவதும் பெரிய சான்றில்லை. சாதாரண ஸ்டீல் கத்திகள் பெரும்பாலானவற்றில் ஒட்டும்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டெமோ செட்டுக்கு டெபாசிட் என்று அவனிடமே 4,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். முதலில் சொந்தக்காரர்களிடம் விற்கச் சொல்லித்தான் பயிற்சியே. சொந்தம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது, டெபாசிட் திரும்பவில்லை. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்து, 'பகுதிநேர வேலை, அனுபவம் தேவையில்லை' என்று எங்காவது கூப்பிட்டால், முதல் நாளே பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த மத்திய அரசின் நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக்கு வருபவர் முன்கூட்டியே நேரம் கேட்டு, அடையாள அட்டையோடு வர வேண்டும். இவனிடம் அட்டை இல்லை, நானும் கேட்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

8,500 போனதுகூட ஆறிவிட்டது. கிளம்பும்போது அவன், "தெரிஞ்சவங்க பத்து பேர் நம்பர் குடுங்க ஆன்ட்டி, டார்கெட் முடியும்" என்றான். நானும் போனைப் பார்த்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அம்பத்தூரில் இருக்கும் என் நாத்தனாரும் பள்ளித் தோழி ஒருத்தியும் வாங்கிவிட்டார்கள். "நீங்கதான் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்கன்னு சொன்னானே அண்ணி" என்று நாத்தனார் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பாதிப் பணம் தருகிறேன் என்றேன். "விடுங்க அண்ணி" என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

மீதி எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால்: என் பெயரைச் சொல்லிக்கொண்டு கத்திப் பெட்டியோடு யார் வந்தாலும், நான் சொல்லி அனுப்பவில்லை.