எப்பிங், பர்ன்ஹாம், ஆஷ்ரிட்ஜ்: லண்டனிலிருந்து எந்தக் காட்டுக்குப் போகலாம்?

லண்டனில் இருப்பவர்களுக்குக் காட்டு நினைப்பு வருவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான். புளூபெல் என்ற நீலப் பூக்கள் தரையெங்கும் விரிந்து கிடக்கும் படங்கள் போனில் சுற்ற ஆரம்பித்ததும் ஆஷ்ரிட்ஜ் பக்கம் கார்கள் வரிசை கட்டும். பூ அழகுதான். ஆனால் எனக்கு மரம்தான் முதலில், பூ அப்புறம். அதிலும் வயதான மரம். நானூறு ஆண்டு நின்று, நடுவில் பொந்து விழுந்து, இன்னும் வருஷா வருஷம் தளிர்விடும் மரங்களை ஒரு பெருநகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிவதே பெரிய விஷயம். அதனால் இந்த மூன்று காடுகளையும் மரத்தை வைத்துத்தான் முதலில் எடைபோடுகிறேன். வசதி, பூ, கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

மரங்கள் ஏன் இப்படி ஆயின என்று தெரிந்துகொண்டு போனால் காட்டைப் பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும். இவை யாரும் தொடாத காடுகள் கிடையாது. பல நூற்றாண்டுகளாகச் சுற்றுவட்டார மக்கள் மாடு மேய்த்து, விறகு வெட்டி வாழ்ந்த பொதுநிலங்கள். மரத்தை அடியோடு வெட்டினால் துளிர்க்கும் குருத்தை மாடும் மானும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஆளுயரத்துக்கு மேலே வெட்டினார்கள். நம் வீடுகளில் முருங்கையைப் பாதியில் வெட்டிவிட்டுப் புதுக்கிளை வெடிக்க விடுவது போலத்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகள் விறகாகப் போகும், அடிமரம் மட்டும் பருத்துக்கொண்டே இருக்கும். இப்படி வெட்டிய மரத்துக்குப் பொல்லார்ட் என்று பெயர். வெட்டு வாங்கிய மரம் வெட்டாத மரத்தைவிட அதிக காலம் வாழ்கிறது. வெட்டாமல் வளரும் பீச் மரம் இருநூறு, இருநூற்றைம்பது வயதிலேயே தளர்ந்துவிடும். பொல்லார்ட் பீச் நானூறைத் தாண்டியும் நிற்கிறது.

முதலில் எப்பிங் ஃபாரஸ்ட். மூன்றிலும் இதுதான் பெரியது. சுமார் 2,400 ஹெக்டேர். வடக்குத் தெற்காக 19 கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலம் எங்கேயும் 4 கிலோமீட்டரைத் தாண்டாது. தெற்கு நுனியான வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ், மேனர் பார்க் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் அது எப்பிங் காட்டின் பகுதி என்று தெரியாமலே அங்கே நடைப்பயிற்சி போகிறார்கள். அது புல்வெளி. உண்மையான காடு வேண்டுமென்றால் வடக்கே சிங்ஃபோர்ட், லௌட்டன், ஹை பீச் பக்கம் போக வேண்டும்.

எப்பிங் இன்று இருக்கிறது என்றால் அதற்கு ஏழைகளின் விறகு உரிமைதான் ஒரு முக்கியக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலப்பிரபுக்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தார்கள். லௌட்டன் ஊர்க்காரர்களுக்கோ குளிர்காலத்தில் கிளை வெட்டிக்கொள்ளும் பழைய உரிமை இருந்தது. தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி வேலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து வெட்டினார். 1866இல் அவர் குடும்பத்து ஆட்கள் சிறைக்குப் போனார்கள். விவகாரம் பெரிதாகி, கடைசியில் லண்டன் நடுவிலுள்ள பழைய நகரப் பகுதியின் மாநகராட்சியான சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனே வழக்கில் இறங்கியது. அதற்கும் இந்தப் பக்கம் நிலம் இருந்ததால் காட்டில் மேய்ச்சல் உரிமை இருந்தது. 1874இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. 1878இல் எப்பிங் ஃபாரஸ்ட் சட்டம் வந்தது. 1882 மே மாதம் விக்டோரியா அரசி ஹை பீச்சுக்கே வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

இதில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. காட்டைக் காப்பாற்றிய அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையை நிறுத்திவிட்டது. லௌட்டன் மக்களுக்கு நஷ்டஈடாக லாப்பிங் ஹால் என்ற பொதுமண்டபம் கிடைத்தது. 1884இல் திறந்த அந்தக் கட்டடம் இன்றும் லௌட்டனில் நிற்கிறது. காட்டுக்குள்ளோ, நூற்றைம்பது ஆண்டாகக் கத்தி படாத பொல்லார்டுகள் ஒவ்வொன்றும் ராட்சசக் கைகளை மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரும்பாலும் பீச்சும் ஹார்ன்பீமும், இடையிடையே ஓக். தலை கனத்துவிட்டதால் புயலில் பிளக்கின்றன. நிழலும் அடர்த்தி. பீச் நிழலில் தரையில் இலைச்சருகு தவிர அதிகம் எதுவும் முளைக்காது. அதனால் பூ தேடி எப்பிங்குக்குப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

எப்பிங்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். கார் சத்தம். காட்டை வகிர்ந்துகொண்டு பெரிய சாலைகள் போகின்றன. ஐந்து நிமிடம் உள்ளே நடந்தாலும் இரைச்சல் விட்டபாடில்லை. ஆனால் வடக்கே பெல் காமன் அருகே எம்25 நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே புல்தரையாகவே விட்டிருக்கிறார்கள். காட்டுக்காக ஒரு நெடுஞ்சாலையைப் பூமிக்கடியில் தள்ளியதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. இன்னொரு குறை சேறு. களிமண் நிலம் என்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரை பள்ளமான பாதைகளில் கணுக்கால் வரை இறங்கும். சாதாரண ஷூவில் போகாதீர்கள்.

அடுத்தது பர்ன்ஹாம் பீச்சஸ். பக்கிங்ஹாம்ஷயரில், ஸ்லவ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. பரப்பு சுமார் 220 ஹெக்டேர், எப்பிங்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதையும் 1880இல் வாங்கிக் காப்பாற்றியது அதே மாநகராட்சிதான். மூன்றில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதற்குத்தான் அனுப்புவேன்.

காரணம் மரங்களின் நெருக்கம். எப்பிங்கில் நல்ல மரத்தைத் தேடி நடக்க வேண்டும். இங்கே கார் நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முழு உடம்பும் முண்டும் முடிச்சுமாக ஒரு பொல்லார்ட் எதிரே நிற்கும். சிலவற்றில் அடிமரம் கூடாகவே ஆகிவிட்டது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது, ஆனாலும் உச்சியில் பச்சை இலை. செத்த மரம்போலத் தெரிவதில்தான் உயிர்கள் அதிகம் குடியிருக்கின்றன: வௌவால், மரங்கொத்தி, மட்கும் மரத்தில் மட்டுமே வளரக்கூடிய வண்டுகள், விதவிதமான காளான்கள். ட்ரூயிட்ஸ் ஓக் என்ற ஓக் மரத்துக்கு எண்ணூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். வேர் மிதிபடாமல் இருக்க அதைச் சுற்றி வேலி உண்டு, வெளியே நின்றுதான் பார்க்கலாம்.

இன்னொன்று, இங்கே பழைய தொழிலை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். கனத்த பொல்லார்டுகளின் பாரத்தை ஒரேயடியாக வெட்டாமல், பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். கிழட்டு மரத்தை ஒரே வெட்டில் மொட்டையடித்தால் செத்துப்போகும். கூடவே இளம் மரங்களையும் புதிதாகத் தலைவெட்டி விட்டிருக்கிறார்கள். இன்னும் முந்நூறு ஆண்டு கழித்துப் பொந்து விழப்போகிற மரத்துக்கு இன்றே முதல் வெட்டு. பழைய மரத்துக்குப் பக்கத்தில் இந்த இளசுகளையும் தேடிப் பாருங்கள், பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

வசதியிலும் பர்ன்ஹாம் முந்துகிறது. உள்ளே தார் போட்ட பாதைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையோ, தள்ளுவண்டியில் குழந்தையையோ கூட்டிப்போகச் சேறு ஒரு தடையாக இருக்காது. சிக்கல் போய்ச் சேர்வதில்தான். எலிசபெத் லைனில் பர்ன்ஹாம் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் காடு அங்கிருந்து சில மைல் தள்ளி. டாக்ஸி பிடிக்க வேண்டும். கார் இருந்தால் கவலையில்லை, நிறுத்தக் கட்டணம் உண்டு.

இப்போது ஆஷ்ரிட்ஜ். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரும் பக்கிங்ஹாம்ஷயரும் தொடும் இடத்தில், சில்டர்ன் மலைமேட்டில் சுமார் 2,000 ஹெக்டேர். 1926 முதல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. இங்கே காடு மட்டும் இல்லை. வெட்டவெளி, சுண்ணாம்பு மேடு, ஐவிங்ஹோ பீக்கன் என்ற குன்று, கால்வாய் வெட்டிய பிரபுவின் நினைவாக 1832இல் எழுப்பிய பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூண், கூட்டமாகத் திரியும் ஃபேலோ மான்கள் என எல்லாம் உண்டு. ஒரு முழு நாளுக்குத் தாங்கும். தூணின் 172 படிகளைத் திறந்திருக்கும் நாளில் ஏறினால் காட்டின் கூரையை மேலிருந்து பார்க்கலாம்.

புளூபெல் என்றால் இங்கே டாக்கி வுட் என்ற பகுதிதான். உலகத்து புளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில் இருக்கிறது என்பது பொதுவான கணிப்பு. மரங்கள் முழுக்க இலைவிட்டுக் கூரை மூடுவதற்கு முன், வெளிச்சம் தரைக்கு இறங்கும் சில வாரங்களுக்குள் இந்தச் செடி இலை விட்டு, பூத்து, கிழங்கில் சத்தைச் சேர்த்துவிட வேண்டும். அந்த அவசரம்தான் ஒரே நேரத்தில் தரை முழுக்க நீலம் ஆவதற்குக் காரணம். ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதி வரை, ஆண்டின் குளிரைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

அதே அவசரத்தால்தான் மிதித்தால் அந்தச் செடி தாங்குவதில்லை. நசுங்கிய இலை அந்த ஆண்டு உணவு சமைக்காது, கிழங்கு மெலியும், அடுத்து வரும் ஆண்டுகளில் பூ இருக்காது. விதையிலிருந்து பூவுக்கு வரவே ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கிற செடி இது. போட்டோவுக்காக நடுவில் போய் உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. டாக்கி வுட்டில் பூக்காலத்து நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கியதும் உண்டு. அது நியாயம் என்றே நினைக்கிறேன். போகுமுன் டிரஸ்டின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், எனவே வார நாளில் சாயங்காலம் போவது உத்தமம்.

ரயிலில் போகிறவர்கள் யூஸ்டனிலிருந்து ட்ரிங்கில் இறங்கலாம். அந்தத் தடத்து ரயில்களில் சில ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனிலும் நிற்பதால் ஹாரோ பக்கத்துக் குடும்பங்களுக்கு இது வசதி. ஸ்டேஷனிலிருந்து தூண் வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், கடைசியில் நல்ல ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சரிப்படாது.

ஆஷ்ரிட்ஜில் பழைய மரங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஃப்ரித்ஸ்டன் பீச்சஸ் என்ற மூலையில் பர்ன்ஹாமுக்குப் பதில் சொல்லக்கூடிய பொல்லார்ட் பீச்சுகள் நிற்கின்றன. டாக்கி வுட்டில் நெரிசல் இருக்கும் நாளிலும் அங்கே அமைதியாக இருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் பூவை அரை மணி பார்த்துவிட்டு அங்கே நகர்ந்துவிடலாம்.

பருவத்தை வைத்துப் பார்த்தால் வசந்தம் ஆஷ்ரிட்ஜுக்கு. அதில் போட்டியே இல்லை. கோடை மூன்றுக்கும் பொது, பச்சை நிழல், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் எப்பிங்கும் பர்ன்ஹாமும் மோதுகின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் இரண்டாம் வாரம் வரை பீச் இலை மஞ்சளாகி, செம்பாகி, பிறகு தரையில் இறங்கும். எப்பிங்கில் இந்த நிறம் மைல் கணக்கில் நீள்கிறது, பர்ன்ஹாமில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி நின்று பார்க்கலாம். நான் பர்ன்ஹாம் பக்கம்தான். அக்டோபரில் மான்களின் கத்தலைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் ஆஷ்ரிட்ஜுக்குப் போகட்டும்.

குளிர்காலத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பொல்லார்டின் எலும்புக்கூடு முழுசாகத் தெரிவது இலை இல்லாத ஜனவரியில்தான். எங்கே எந்தக் காலத்தில் வெட்டினார்கள், எந்தக் கிளை அதற்குப் பிறகு கிளம்பியது என்று மரத்திலேயே படிக்கலாம். இளம் பீச்சும் ஹார்ன்பீமும் காய்ந்த இலையை உதிர்க்காமல் வசந்தம் வரை பிடித்துக்கொண்டிருப்பதையும் அப்போது பார்க்கலாம். நான்கு மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே கிளம்ப வேண்டும்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு விஷயம். எப்பிங்கிலும் பர்ன்ஹாமிலும் காளான் பறிக்கத் தடை இருக்கிறது, ஒன்றுகூட எடுக்காதீர்கள். மான் திரியும் இடங்களில் உண்ணி இருக்கும். அதன் கடியில் லைம் நோய் வரலாம். கோடையில் கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடப்பதும், வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் கால் மடிப்பு, அக்குள், தலைமுடியைத் தடவிப் பார்ப்பதும் அவசியம்.

கார் இல்லாதவர்களுக்கு என் பதில் மாறிவிடும். அவர்களுக்கு எப்பிங்தான். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் சிங்ஃபோர்ட் வந்து இறங்கினால், கொஞ்ச தூரத்தில் எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை, அதைத் தாண்டினால் கனாட் வாட்டர் ஏரி. ஏரிக்கரையோடு நடந்து வடக்கே ஏறினால், இரும்புக்கால மண்மதிலான லௌட்டன் கேம்ப்பின் மேடும் பள்ளமும் பெரிய பீச் மரங்களுக்கு நடுவே வரும். அங்கிருந்து கிழக்கே இறங்கி லௌட்டன் ஊருக்குள் போய், லாப்பிங் ஹாலையும் பார்த்துவிட்டு சென்ட்ரல் லைன் பிடித்துத் திரும்பலாம். கார் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டிய தொல்லை இல்லாததால் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியே வரலாம். அரை நாள் போதும், வழிவரைபடத்தை மட்டும் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.