ஜிஏ 3 வாங்குகிறீர்களா? பொடியாகவே வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விதை ஆராய்ச்சி செய்கிற நம் பிள்ளைகள் ஜிபெரெல்லிக் அமிலம், அதாவது ஜிஏ 3 (செடி வளரவும் விதை முளைக்கவும் தூண்டுகிற ஜிபெரெல்லின் வகை ஹார்மோன்) எங்கே வாங்குவது, எதை நம்புவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நான் வாங்கிய 1 கிராம் பொட்டலத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். டர்பனில் இணையம் வழியாகத் தோட்டச் சாமான் விற்கிற ஒரு கடை. அவர்களுடைய இன்னொரு சரக்கைக் குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

பொடி அருமை. வெள்ளையாக, உதிரியாக இருந்தது. தூய்மை 90 சதவீதம் என்பதும் காலாவதித் தேதியும் பொட்டலத்திலேயே தெளிவாகப் போட்டிருந்தது. தண்ணீரில் நேராகக் கொட்டினால் மேலே மிதந்துகொண்டு கரையாமல் அடம்பிடிக்கும், அதைப் பார்த்து உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எந்த ஜிஏ 3 பொடியும் அப்படித்தான். முதலில் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, தெளிந்த பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். 90 சதவீதச் சரக்கு என்பதால் லிட்டருக்கு 111 மில்லிகிராம் போட்டால்தான் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், சூட்டில் சிதைந்துவிடும்.

சரி, உள்ளே இருப்பது உண்மையிலேயே வேலை செய்கிறதா? அதற்கு நான் நம்புவது குட்டைப் பட்டாணியை. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் நெட்டை குட்டை என்று பிரித்தாரே, அந்தக் குட்டைத்தன்மைக்குக் காரணம் ஜிஏ 20 என்ற வீரியமில்லாத ஜிபெரெல்லினை ஜிஏ 1 என்ற வீரியமுள்ள ஜிபெரெல்லினாக மாற்றும் நொதியில் உள்ள குறை என்பது 1997இல் மரபணு அளவிலேயே உறுதியானது. செடிக்குள் வீரியமுள்ள ஜிபெரெல்லின் போதாமல்தான் அது குட்டையாக நிற்கிறது, நாம் வெளியிலிருந்து கொடுத்தால் வளர்ந்துவிடும். பொடியைக் கரைத்த கரைசலை நாற்றின் நுனியில் ஒரு சொட்டு விட்டேன், பக்கத்து நாற்றுக்கு எத்தனால் கலந்த வெறும் தண்ணீர். சில நாளில் கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, வெளிர்பச்சையாக மெலிந்து எழும்பியது, பக்கத்து நாற்று அப்படியே குந்தியிருந்தது. அதே கடையின் தயார்நிலைக் கரைசலையும் இப்படியே விட்டுப் பார்த்தேன், அசைவே இல்லை. தண்ணீரில் கலந்த ஜிஏ 3 நாளாக நாளாக வீரியம் இழக்கும், வெயிலில் கிடந்த பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். அதை நம்பி முளைப்புச் சோதனை வைத்திருந்தால், இந்த விதைக்கு ஜிபெரெல்லின் பலன் தராது என்று தப்பான முடிவு ஆய்வேட்டில் ஏறியிருக்கும்! மாதக்கணக்கில் உழைக்கிற மாணவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்.

திசு வளர்ப்பு செய்பவர்கள் இதை வளர்ப்பு ஊடகத்தோடு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) வைக்காதீர்கள், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறியபின் சேருங்கள்.

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு: பப்பாளி விதையை ஊறவைக்க நல்லது. கறிவேப்பிலைக்குத் தேவையே இல்லை, பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைத்தால் தானாக முளைக்கும். ஃபின்போஸ் (கேப் பகுதியின் புதர்ச்செடிகள்) விதைகளில் பலவற்றுக்குப் புகை நீர், அதாவது புகையை ஏற்றிய தண்ணீர்தான் சரி, புகையால் முளைக்க வைக்கும் அந்த முறை கேப்டவுனின் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் 1990 வாக்கில் கண்டறிந்தது. அப்புறம், வடக்கு கேப் மாகாணத்து அப்பிங்டன் பக்கம் விதையில்லாத் திராட்சைக் குலைக்குத் தெளிப்பதும் இதே ஜிஏ 3தான், ஆனால் அதற்கான தோட்டச் சரக்கின் வீரியமும் அளவும் வேறு, அதை ஆய்வகத்துக்கு வாங்கிவிடாதீர்கள்.

பொடிக்கு ஐந்துக்கு ஐந்து. சிறு பொட்டலமே போதும், ஈரம் படாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், கரைசலை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள்.