ஆறாத கட்டிக்கு எங்கே போவது: மெடிக்கல் ஷாப்பா, தோல் டாக்டரா, சர்ஜனா, பெரியாஸ்பத்திரியா?

என் சித்தப்பாவுக்கு வலது பாதத்தின் மேல்புறம் ஒரு கட்டி வந்தது. கோலிக்குண்டு அளவு இருக்கும், வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் வயல் வேலை செய்கிறவர், செருப்புப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. வலிக்காததால் அவரும் கண்டுகொள்ளவில்லை, நாங்களும் கண்டுகொள்ளவில்லை. அது என்ன கட்டி என்று ஒரு டாக்டர் பெயர் சொல்வதற்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களை வரிசையாக வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். ஆறாத கட்டியோ புண்ணோ வந்த வீட்டில் எழும் முதல் கேள்வியே "எங்க கூட்டிட்டுப் போறது" என்பதுதான், அதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

நான் எல்லா இடத்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்களா, மாட்டார்களா? கண்ணால் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் கட்டி, கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், தோலில் வரும் காசநோயாக இருக்கலாம், பூஞ்சையாக, தொழுநோயாக, புற்றாகக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சாதாரணச் சீழ்க்கட்டி என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழுத்து உடைந்து ஆறிவிடும். மூன்று நான்கு வாரம் தாண்டியும் ஒரு கட்டி அப்படியே நின்றாலோ, ஒரு புண் ஆறுவது போல் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் பொருக்குத் தட்டி ரத்தம் கசிந்தாலோ, அதற்குப் பிறகு ஊகத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாது.

முதலில் மெடிக்கல் ஷாப். எல்லோரும் தொடங்குவது இங்கேதான், நாங்களும் அப்படித்தான். கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்தார். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றும் கலந்த களிம்பு. அதைத் தடவினால் சிவப்பும் வீக்கமும் நாலைந்து நாளில் குறைந்தது போல் இருக்கும், ஆறுகிறது என்று நம்பி அடுத்த டியூப் வாங்குவோம். உண்மையில் ஸ்டீராய்டு செய்வது அந்த இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பை அடக்குவதைத்தான். உள்ளே கிருமி இருந்தால் அதற்கு வசதியாகப் போய்விடும். மேலே தெரிகிற அடையாளமும் மாறிவிடுவதால் பிறகு பார்க்கும் டாக்டருக்கும் குழப்பம். இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. எட்டு மாதம் போனது இதில்.

பற்றுப் போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீழ்க்கட்டி பழுக்க எதையாவது வைத்துக் கட்டுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் என்னவென்றே தெரியாத கட்டியின் மேல் எருக்கம்பாலையோ சேராங்கொட்டையையோ வைத்தால் நல்ல தோலும் வெந்து புண் இரண்டாகும். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருப்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தா பிரிவில், படித்த மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தையில் வேர் விற்பவரிடம் காலை நீட்டாதீர்கள்.

போனில் படம் அனுப்பிக் கேட்பதும் இப்போது பரவலாகிவிட்டது. அரசின் இ-சஞ்சீவனியில் காசில்லாமல் டாக்டரிடம் பேசலாம். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ள அது போதும். கட்டி கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா, தோலோடு நகர்கிறதா, எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் விரல் வைத்து அழுத்தினால்தான் தெரியும். படத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

அடுத்து, ஊரில் எப்போதும் காட்டும் டாக்டர். இவர் சர்க்கரை பார்த்தார், கூடுதலாக இருந்தது, "சுகர் புண்" என்று சொல்லி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினார். அது தீர்ந்ததும் இன்னொரு ஐந்து நாள், பிறகு வேறொரு மாத்திரை. சர்க்கரையைப் பார்த்தது நல்லது, அது கட்டுக்குள் இல்லாமல் எந்தப் புண்ணும் ஒழுங்காக ஆறாது. ஆனால் சர்க்கரை இருக்கிறவருக்கு வருவதெல்லாம் சர்க்கரையால் வந்தது என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. புண்ணைப் பற்றிக் கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இது: இரண்டாவது முறையும் ஆன்டிபயாடிக் எழுதினால், "டாக்டர், ஒரு தடவை சதை எடுத்துப் பாத்துடலாமா, இல்ல எழுதிக் கொடுங்க, பெரிய இடத்துல காட்டுறோம்" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அவர் கைப்பட எழுதும் ஒரு கடிதம் அடுத்த இடத்தில் பாதி நேரத்தை மிச்சம் பண்ணும்.

தனியார் தோல் டாக்டரா, சர்ஜனா? உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இடையில்தான்.

தோலின் மேற்பரப்பில் மாற்றம் இருந்தால் தோல் டாக்டர்தான் சரி. மூக்கிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ முத்து மாதிரி மினுமினுக்கும் விளிம்போடு ஒரு சிறு புண், நிறம் மாறும் மச்சம், தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல், இவை எல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பவை. பஞ்ச் பயாப்ஸி என்று சோதனைக்குச் சதை எடுக்கும் ஒரு முறை இருக்கிறது, அதற்கு ஒரு சின்ன வட்டமான கத்தி, பெரும்பாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். மரத்துப் போக ஊசி போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்து ஒரு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். காத்திருப்பும் குறைவு. ஆனால் முடி, முகப்பொலிவு, லேசர் என்று அதையே முக்கியமாகச் செய்யும் கிளினிக்குகளும் தோல் கிளினிக் என்ற பெயரில்தான் இருக்கின்றன. அதனால் போவதற்கு முன்னால் போன் பண்ணி "பயாப்ஸி எடுப்பீங்களா" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

தோல் நன்றாக இருக்கிறது, கட்டி அதற்கு அடியில் இருக்கிறது என்றால் சர்ஜன். கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி மாதிரி விஷயங்களை ஒரே தடவையில் எடுத்து முடித்துவிடுவார், அந்த வசதி தோல் டாக்டரிடம் எப்போதும் இருக்காது. நாங்கள் பட்ட பெரிய அடியும் இங்கேதான். ஒரு தனியார் மருத்துவமனையில் சித்தப்பாவின் கட்டியை வெட்டி எடுத்தார்கள், தையல் போட்டார்கள், பில் கொடுத்தார்கள். எடுத்த சதையை எங்கும் அனுப்பவில்லை. "ஒண்ணுமில்ல, கொழுப்புதான்" என்றார்கள், நாங்களும் நிம்மதியாக வந்துவிட்டோம். ஐந்து மாதத்தில் அதே இடம் முன்னைவிடப் பெரிதாக வீங்கி, மூன்று துவாரம் விழுந்து நீர் வடிய ஆரம்பித்தது. வெட்டி எடுத்த சதை குப்பைக்குப் போனதால், திரும்பிப் பார்க்க ஒரு ஸ்லைடுகூட எங்களிடம் இல்லை. ஒருவேளை அது புற்றாக இருந்திருந்தால், சுற்றிலும் எவ்வளவு தூரம் எடுத்தார்கள், விளிம்பில் மிச்சம் இருக்கிறதா என்பது எதுவுமே தெரியாமல் அடுத்த ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்கவைத்திருக்க வேண்டும். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. உடம்பிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியையும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டியது. கூட்டம் என்பது உண்மை. காலையில் ஓபி சீட்டு வாங்க ஒரு வரிசை, தோல் பிரிவில் இன்னொரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு மூன்றாவது. அன்று ஒரு நாள் சம்பளம் போனது போனதுதான், உட்கார இடம் கிடைக்காமல் சித்தப்பா வீங்கின காலோடு நின்றதும் நிஜம். ஆனால் உள்ளே போனதும் மேல்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர் பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள். "ஐயா, எப்பவாச்சும் முள்ளு குத்துச்சா? வடியிற தண்ணில ரவை மாதிரி எதுவும் வருதா?" வருகிறது என்றார் சித்தப்பா. இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் ஊரே இருக்கிறது. 1842-ல் மதுரையில் கில் என்ற டாக்டர் குறித்துவைத்த நோய் இது, அதனால்தான் உலகம் முழுக்க இதை மதுரா ஃபுட், மதுரைக் கால் என்கிறார்கள். மருத்துவப் பெயர் மைசிட்டோமா. மண்ணில் இருக்கும் கிருமி, முள் குத்தின வழியாக உள்ளே போய், வருடக்கணக்கில் வலியில்லாமல் வளர்ந்து, துவாரம் துவாரமாக உடைத்து, குருணை குருணையாக வெளியே வரும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குத்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. இதிலேயே இரண்டு வகை. பாக்டீரியாவால் வருவது ஆன்டிபயாடிக்குக்கு நன்றாகவே கட்டுப்படும். பூஞ்சையால் வருவதற்கு மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து, கூடவே பல நேரம் ஆபரேஷன். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், பிரித்துச் சொல்வது லேப்தான்.

அங்கே பார்த்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சதையை இரண்டு பாட்டிலில் போட்டார்கள். ஒன்று ஃபார்மலினில், செல்களைப் பார்க்க. இன்னொன்று வெறும் சலைன் தண்ணீரில், கிருமியை வளர்த்துப் பார்க்க. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் வளர்க்க முடியாது. காசநோயோ பூஞ்சையோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த இரண்டாவது பாட்டில் ரொம்ப முக்கியம். தனியாரிடம் எடுத்தாலும் "கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா" என்று கேளுங்கள். செல் ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது, கல்ச்சருக்குப் பல வாரம் ஆகும், பொறுமை வேண்டும்.

தோல், சர்ஜரி, எலும்பு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒரு டாக்டரின் சந்தேகத்தை இன்னொருவர் அன்றைக்கே பார்த்துவிடுகிறார். இதற்குத் தனியாரில் நாலு கிளினிக் அலைய வேண்டும். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்ததற்குப் பிறகு, தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களிலேயே ஒன்று இருக்கிறது, எல்லோரும் சென்னைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டியதில்லை. தொழுநோய்க்கும் காசநோய்க்கும் அரசு மருத்துவமனைகளில் மருந்து முழுக்க இலவசம். ஆபரேஷன் என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றோடு போய் எடுக்கலாம்.

புற்றுநோய் மையத்துக்கே நேராகப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் இருந்தாலோ, கட்டி வேகமாக வளர்ந்து தொட்டாலே ரத்தம் வந்தாலோ, கழுத்திலோ தொடை இடுக்கிலோ கூடவே நெறி கட்டினாலோ நாள் கடத்தாமல் போங்கள். 1954 முதல் இருக்கும் அடையாறு புற்றுநோய் மையம் இருக்கிறது, காஞ்சிபுரத்தில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற புற்று அரிது, ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில்தான் வந்தது, 36 வயதில் இறந்துபோனார். மற்றபடி எதுவும் தெரியாத நிலையில் இருப்பவர்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் பயாப்ஸி எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டோடு போவதுதான் எளிது.

"கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களேப்பா" என்று சித்தப்பா பயாப்ஸி அன்று காலைவரை கேட்டுக்கொண்டே இருந்தார். தோல் கட்டியில் முறையாக எடுக்கும் பயாப்ஸியால் நோய் பரவுவதில்லை. ஏற்கெனவே முற்றிப்போன நிலையில் வருகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு இறப்பதைப் பார்த்துப் பார்த்து ஊரில் உருவான பயம் அது.

சித்தப்பாவுக்கு வந்தது பாக்டீரியா வகை. 21 நாள் ஊசி, கூடவே மாத்திரை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஊசி என்று மூன்று சுற்று. அந்த ஊசி காதையும் கிட்னியையும் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் காதுப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். துவாரங்கள் மூடிவிட்டன, இப்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் வயலில் இறங்குகிறார். நடையில் மட்டும் ஒரு சாய்வு இருக்கிறது. எக்ஸ்ரேயில் பாதத்தின் இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டிருந்தன. முதல் வருடமே வந்திருந்தால் இது இருந்திருக்காதா என்று அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். "அப்ப எடுத்த எக்ஸ்ரே இருந்தா காட்டுங்க" என்றாள். அப்போது யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை.