தாய்லாந்து டிரிப்புக்கு எது லாபம்: டெபிட் கார்டா, ஃபாரெக்ஸ் கார்டா, கையில டாலரா?

2024 டிசம்பர்ல பாங்காக் போனப்ப நானும் மச்சானும் பிரதுனாம்ல ஒரே ஏடிஎம்ல, அஞ்சு நிமிஷ கேப்ல, ஆளுக்கு 5,000 பாட் (தாய்லாந்து காசு) எடுத்தோம். ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட்ட பாத்தா மெஷின் சார்ஜ் 220 பாட்டும் சேர்த்து எனக்கு 13,050 ரூபா போயிருக்கு, அவனுக்கு 14,094. கையில வந்தது அதே அஞ்சு ஆயிரம்தான், மெஷினும் அதே மெஷின், கிட்டத்தட்ட 1,044 ரூபா வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு அவன் பேங்குக்கு போன் போட்டு சண்டையே போட்டான். பேங்க் மேல தப்பில்ல, அவன் அமுக்கின பட்டன் மேலதான் தப்பு.

அந்த மெஷின்ல கார்டு போட்டு, பின் அடிச்சு, எவ்ளோன்னு சொன்னதும் கடைசியா ஒரு ஸ்க்ரீன் வரும். உங்க அக்கவுன்ட்ல இவ்ளோ ரூபா கழியும், ஒரு பாட்டுக்கு ரேட் இது, ஒத்துக்கறீங்களான்னு நம்ம ரூபாயிலயே கணக்கு போட்டு காட்டும். கீழ அக்செப்ட், டிக்ளைன்னு ரெண்டு பட்டன். மச்சான் "ரூபாயிலயே காட்டுது மாமா, குழப்பமே இல்ல"ன்னு அக்செப்ட் அமுக்கிட்டான். இதுக்கு பேரு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமா டிசிசி. ரூபாயா மாத்துற வேலைய உங்க கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு மாதிரி) செய்யாம அந்த மெஷின வெச்சிருக்கறவங்க தரப்பு ஆளுங்க செய்வாங்க, ரேட்டும் அவங்க வைக்கிறதுதான். எனக்கு விசா போட்ட ரேட் 2.50, அவனுக்கு மெஷின் போட்டது 2.70. டிக்ளைன் அமுக்கினா டிரான்ஸாக்ஷனே கேன்சல் ஆயிடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க, எனக்கும் முதல் தடவை கை நடுங்குச்சு, ஆனா ஒண்ணும் ஆகாது, பணம் வரும், கன்வர்ஷன மட்டும்தான் நீங்க வேணாம்னு சொல்றீங்க. ஹோட்டல், மால் பில்லிங் மெஷின்லயும் இதே கேள்வி வரும், சில சமயம் கேஷியரே நமக்கு நல்லது பண்றதா நெனச்சு ரூபாய தட்டிடுவாங்க, அதனால "பாட், பாட்"ன்னு வாயால சொல்லிடுங்க. இன்னொரு கூத்து, வெளிநாட்டு கடையில ரூபாயில பில் போட்டாலும் நம்ம ஊர்ல நிறைய பேங்க் அதுக்குன்னு தனியா 1% போல வாங்குறாங்க, ரெண்டு பக்கமும் அடி.

இது தெரிஞ்சிட்டாலே பாதி காசு மிச்சம். மீதி பாதி எந்த கார்டுங்கறதுல இருக்கு.

சாதா சம்பள அக்கவுன்ட் டெபிட் கார்ட எடுத்துக்கோங்க. தாய்லாந்துல வெளிநாட்டு கார்டுக்கு மெஷின்காரன் ஒரு தடவைக்கு 220 பாட் வாங்குறான், இப்ப சில பேங்க்ல 250 கூட ஆக்கிட்டாங்க. நீங்க 500 பாட் எடுத்தாலும் அதே 220, 20,000 எடுத்தாலும் அதே 220. அதுக்கு மேல நம்ம பேங்க் வெளிநாட்டு கரன்சி மாத்துற கூலியா மார்க்கப்னு 3.5% போடும், அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. அதுக்கும் மேல வெளிநாட்டு ஏடிஎம் சார்ஜ்னு 150 ரூபா போல, அதுக்கும் ஜிஎஸ்டி. இப்ப 2,000 பாட் எடுக்கிறீங்கன்னு வைங்க, 2.50 கணக்குல 5,000 ரூபா. மெஷின் சார்ஜ் 550, மார்க்கப் 229, பேங்க் சார்ஜ் 177, மொத்தம் 956 ரூபா தண்டம். அதாவது 19%! அதே 20,000 பாட்ட ஒரே தடவையில எடுத்தா தண்டம் 2,800 சொச்சம், 6% கூட வராது. கையில நிறைய வெச்சுக்க பயந்துட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறவங்கதான் இதுல ரொம்ப அடி வாங்குறாங்க, எங்க குரூப்ல ஒரு அக்கா ஆறு நாள்ல ஏழு தடவை எடுத்தாங்க, கணக்கு சொன்னா மனசு கஷ்டப்படும்னு நான் வாயே திறக்கல.

ஃபாரெக்ஸ் கார்டு வேற மாதிரி. ஊர்லயே வெளிநாட்டு கரன்சிய அதுல லோட் பண்ணிடறோம், அன்னைக்கு ரேட் லாக் ஆயிடும், மெயின் அக்கவுன்ட்டோட தொடர்பு இல்லாததால கார்டு தொலைஞ்சாலும் உள்ள இருக்கறது மட்டும்தான் போகும். வயசான அப்பா அம்மாவ தனியா அனுப்புறவங்களுக்கும், படிக்கப் போற புள்ளைங்களுக்கும் நான் இதத்தான் சொல்வேன். ஆனா எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு: டாலர்ல லோட் பண்ணிட்டு பாட்ல செலவு பண்றது. டாலர்லருந்து பாட்டுக்கு மாத்த கிராஸ் கரன்சி சார்ஜ்னு 2 லருந்து 3.5% போயிடும், அப்புறம் எதுக்கு ஃபாரெக்ஸ் கார்டு? கார்டுல பாட் இருக்கான்னு கேட்டு, பாட்டாவே லோட் பண்ணுங்க. இன்னொண்ணு, ஏடிஎம்ல அந்த 220 பாட் இதுக்கும் உண்டு. லோட் பண்ற ரேட்டையும் கூகுள்ல வர்ற ரேட்டோட ஒரு தடவை வெச்சு பாருங்க, "ஜீரோ சார்ஜ்"னு சொல்றவங்க லாபத்த அங்கதான் ஒளிச்சு வெச்சிருப்பாங்க.

கிரெடிட் கார்டு ஸ்வைப் பண்ண மட்டும். ஏடிஎம்ல போட்டீங்கன்னா அட்வான்ஸ் ஃபீஸ் தனி, வட்டி அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும், பில் தேதி வரைக்கும் காத்திருக்காது. மத்தபடி ஜீரோ மார்க்கப் கார்டு கிடைச்சா அதான் ராஜா. ஸ்காப்பியா, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ் மாதிரி சிலது இருக்கு, இதுல வாவ் எஃப்டி வெச்சு வாங்குறது, அதனால சம்பள ஸ்லிப் இல்லாதவங்களுக்கும் கிடைக்கும் (வாங்கறதுக்கு முன்னாடி மார்க்கப் இன்னும் ஜீரோதானான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, கார்டு கம்பெனிங்க அடிக்கடி ரூல மாத்துவாங்க). ஹோட்டல் டெபாசிட்டுக்கும் கிரெடிட் கார்டுதான் சரி, ஏன்னா டெபிட்டோ ஃபாரெக்ஸோ குடுத்தா உங்க சொந்த காச பிளாக் பண்ணிடுவாங்க, ரூம காலி பண்ணி நாள் கணக்குல ஆனாலும் திரும்பி வந்திருக்காது. பாங்காக் எம்ஆர்டி மெட்ரோ நீல லைன்ல விசா, மாஸ்டர்கார்ட நேரா கேட்ல தட்டிட்டு போனோம். பிடிஎஸ்ங்கற மேல ஓடுற ரயில்ல அப்ப அது இல்ல, டிக்கெட் காசு குடுத்துதான்.

ஆனா தெருக்கடை பேட் தாய், டுக்டுக், சந்தையில டீஷர்ட்டுக்கெல்லாம் காசுதான், சின்ன கடையில கார்டு நீட்டினா 3% கூட கேப்பாங்க. அதுக்குத்தான் டாலர். நம்ம ரூபாய அங்க கொண்டு போய் மாத்தாதீங்க, ரேட் பாத்தா அழுகை வரும். சென்னையில டாலரா வாங்கிட்டு (ஏர்போர்ட் கவுன்ட்டர்ல வேணாம், தி.நகர், மவுன்ட் ரோடு பக்கம் ரெண்டு மூணு இடத்துல கேட்டு பேரம் பேசுங்க, நெஜமாவே குறைப்பாங்க) அங்க பாட்டா மாத்துறதுதான் எனக்கு எப்பவும் கட்டுப்படியாகுது. 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், 20, 10 நோட்டுக்கு கம்மி ரேட், அதனால 100 நோட்டாவே கேட்டு வாங்குங்க, பேனா கிறுக்கல், கிழிசல் இருந்தா அங்க வாங்கமாட்டாங்க. பாங்காக் சுவர்ணபூமி ஏர்போர்ட்ல இறங்கினதும் வழியில கண்ணுக்கு தெரியற கவுன்ட்டர்ல மாத்தாம கீழ ரயில் ஏறுற பேஸ்மென்ட்டுக்கு போங்க, சூப்பர்ரிச் மாதிரி கவுன்ட்டருங்க அங்கதான் இருக்கு, மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் ரேட்ல நல்ல வித்தியாசம். பாஸ்போர்ட் கேப்பாங்க, கையிலயே வெச்சுக்கோங்க. நோட்டா ஒரு ஆள் ஒரு டிரிப்புக்கு 3,000 டாலர் வரைக்கும்தான் வாங்க முடியும், நம்மள மாதிரி ஆளுக்கு அது தாராளம். தொலைஞ்சா தொலைஞ்சதுதாங்கறது ஒண்ணுதான் இதுல பயம்.

யுபிஐய நம்பி தாய்லாந்து போகாதீங்க. கடைக்கு கடை க்யூஆர் ஒட்டியிருக்கும், அது அவங்க ஊர் பிராம்ப்ட்பே. யுபிஐ மாதிரி சிங்கப்பூர்காரங்க வெச்சிருக்கற பேநவ் 2021லயே அதோட இணைஞ்சிடுச்சு. நம்ம யுபிஐ இலங்கை, சிங்கப்பூர், துபாய், நேபாளம்னு சில ஊர்ல ஓடுது, அங்கயும் எல்லா கடையிலயும் இல்ல. ரூபே கார்டு டிஸ்கவர், டைனர்ஸ் லோகோ போட்ட மெஷின்ல வேலை செய்யும், ஆனா அத மட்டும் நம்பி கெளம்பாதீங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி ஆப்ல போய் இன்டர்நேஷனல் யூசேஜ ஆன் பண்ணிடுங்க, ஏடிஎம்முக்கு தனி, ஸ்வைப்புக்கு தனி ஸ்விட்ச் இருக்கும். 2020 அக்டோபர்லருந்து ஆர்பிஐ ரூல் படி புது கார்டெல்லாம் உள்ளூருக்கு மட்டும்தான் ஆன்ல வருது. மெஷின் ஆறு நம்பர் பின் கேக்கற மாதிரி இருந்தா உங்க நாலு நம்பர அடிச்சு என்டர் தட்டுங்க, போதும். அங்க சில மெஷின்ல காசு முதல்ல வரும், கார்டு அப்புறம்தான் வரும். நம்ம ஊர் பழக்கத்துல காச எடுத்துட்டு நடையக் கட்டிடுவோம், நானே நாலு அடி நடந்துட்டு மெஷின் கீங்கீங்னு கத்தினதும் ஓடி வந்தேன். ராத்திரி ரோட்டோர மெஷின விட பகல்ல பேங்க் பிராஞ்சுக்குள்ள இருக்கற மெஷின் பெட்டர், கார்ட முழுங்கிட்டா உள்ள போய் கேக்கவாவது ஆள் இருக்கும்.

அடுத்த தடவைக்கு நாலு பேருக்கு என் பிளான் இதான்: தெருச் செலவுக்கு 500 டாலர் நோட்டா, ஹோட்டல், மால் எல்லாம் ஜீரோ மார்க்கப் கிரெடிட் கார்டுல, டெபிட் கார்டு பெட்டி அடியில ஒரு சாக்ஸுக்குள்ள. அத வெளிய எடுக்க வேண்டி வந்தா ஒரே தடவை, பெரிய தொகை, டிக்ளைன். மிச்ச பாட் நோட்ட திருப்பி மாத்தினா அதுலயும் கழிவு உண்டு, அதனால கடைசி நாள் செலவ அதுலயே முடிச்சிடறது, காயின எந்த கவுன்ட்டர்லயும் வாங்கமாட்டாங்க, ஏர்போர்ட் டாக்ஸி ஏறுறதுக்கு முன்னாடி செவன் இலெவன்ல கொட்டி குடுத்துட்டு புள்ளைங்களுக்கு மாங்கா மிட்டாய் வாங்கிக்கலாம்.