கும்பகோணத்தில் ஒரு மவுத்பீஸ் தேடி

இந்த முறை ஊருக்குப் போனதில் கல்யாணம், கோயில், சொந்தபந்தம் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டருக்குத் திரும்பி ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்த பிறகும் மனசை அறுத்துக்கொண்டிருப்பது ஒரு மாஸ்க்.

கும்பகோணத்தில் ஒரு நெஞ்சு டாக்டர் கிளினிக். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் கையில் சளிப் பரிசோதனைச் சீட்டு. இருமி இருமிக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவருக்கு நெபுலைசர், அதாவது மருந்தைப் பனியாக்கி மூச்சோடு இழுக்கவைக்கிற மெஷின், வைத்து முடித்ததும், அந்த மாஸ்க்கைக் கழற்றி, உள்பக்கத்தைப் பஞ்சால் ஒரு வழி வழித்துவிட்டு, மருந்து ஊற்றுகிற அதே சின்னக் கிண்ணத்தில், சேம்பரில், புது மருந்தை ஊற்றி, அதே மாஸ்க்கை என் அம்மா முகத்தில் மாட்ட வந்தார் சிஸ்டர்.

"சிஸ்டர், இது அவருக்கு வச்சதுதானே?"

"ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டேன்க்கா."

"சேம்பரைக் கழுவலையே?"

"மருந்து புதுசுதான்க்கா ஊத்தியிருக்கேன்."

பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா வேறு, மூச்சு வாங்கிக்கொண்டே, "விடு பாப்பா, எல்லாரும் இதுலதானே வச்சுக்கிறாங்க" என்கிறார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, டோக்கன் கூப்பிடுவது எல்லாம் அவர் ஒருத்திதான். ஸ்டூல் மேல் ஒரே ஒரு மெஷின், அதற்கு ஒரே ஒரு மாஸ்க். ஆனால் நெஞ்சு டாக்டர் கிளினிக்குக்கு வருகிறவர்களில் யாருக்கு டிபி, யாருக்கு நிமோனியா என்று அந்த வராண்டாவில் யாருக்குத் தெரியும்? நுரையீரல் ஏற்கெனவே பாதி போனவர்களுக்குத்தான் அந்த மாஸ்க்கை வைக்கிறார்கள். கொஞ்சம் ஈரம் தங்கினாலே கிருமி குடியேறிவிடுகிற இடம் அந்தச் சேம்பர். அதிலிருந்து கிளம்பும் பனி நேரே நெஞ்சுக்குள் போகிறது. அதைப் பஞ்சால் துடைத்தால் போதுமா?

நான் லெஸ்டரில் ஒரு கேர் ஹோமில், பராமரிப்பு இல்லத்தில், வேலை செய்கிறேன். அங்கே நெபுலைசர் வைக்கிற ஒவ்வொருவருக்கும் தனி மாஸ்க், தனி சேம்பர், தனி டியூப். மேலே பேர் ஒட்டி, அவரவர் அறையிலேயே இருக்கும். ஒவ்வொரு தடவை வைத்து முடித்ததும் மிச்ச மருந்தைக் கொட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காற்றில் காயவிடணும். துணியால் துடைக்கக்கூடாது. கழுவினதை எழுதிக் கையெழுத்தும் போடணும். ஒருத்தர் மாஸ்க்கை இன்னொருத்தருக்கு வைத்தால் அன்றைக்கே விசாரணை. இது ஏதோ பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். சோப்பும் வெந்நீரும் கும்பகோணத்திலும் இருக்கிறது.

அம்மாவுக்கு இருப்பது சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிற நாள்பட்ட நுரையீரல் நோய். ஊரில் கேட்டால் "இளைப்பு" என்பார்கள், இப்போது "வீசிங்" என்கிறார்கள். பீடி சிகரெட் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷி. அம்மா நெஞ்சைத் தின்றது விறகடுப்பு. விடிகாலையில் நெல் அவிக்க உட்கார்ந்தால் கொல்லைப்பக்கம் முழுக்கப் புகை மண்டும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதியே பாதி ஆயுசு போனது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதான். நம் பக்கத்தில் புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு அடுப்புப் புகை பெரிய காரணம். ஆஸ்துமா என்றால் சுருங்கின குழாய் மருந்து வைத்ததும் பெரும்பாலும் பழையபடி விரிந்துவிடும். சிஓபிடியில் அப்படி முழுசாக விரியாது. இருக்கிற மூச்சைக் கட்டிக்காப்பதுதான் வைத்தியம்.

சின்ன வயசில் அம்மாவுக்கு இழுப்பு வந்தால் முதலில் ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம். அடங்காவிட்டால் அப்பா சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய் டெரிஃபிலின் ஊசி போட்டுக் கூட்டிவருவார். திரும்பி வரும்போது அம்மா மடியில் எங்களுக்கு ஒரு பொட்டலம் பக்கோடா இருக்கும். அந்த டாக்டருக்கு எங்கள் வீட்டில் எல்லார் பேரும் தெரியும். இன்றைக்கு அம்மாவின் பேர் டோக்கன் நம்பர்.

இங்கிலாந்தை மட்டும் தூக்கிவைத்துப் பேசினால் அது நியாயம் இல்லை. லெஸ்டரில் காலை எட்டு மணிக்கு ஜிபி என்கிற குடும்ப டாக்டர் ஆபீசுக்குப் போன் அடித்து வரிசையில் காத்திருந்து, முறை வரும்போது "இன்றைக்கு இடமில்லை" என்று கேட்ட அனுபவம் அங்கே இருக்கிற எல்லோருக்கும் உண்டு. ஸ்பெஷலிஸ்ட் என்றால் மாதக்கணக்கு. கும்பகோணத்தில் அன்றைக்குச் சாயங்காலமே நெஞ்சு டாக்டர் பார்த்துவிட்டார். நல்ல டாக்டர். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டரில் 90 காட்டியதும் உதவிக்கு நின்ற பையன் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கப் போனான். டாக்டர் கையமர்த்தி, "வேணாம்ப்பா, இவங்களுக்கு 88-லேர்ந்து 92 இருந்தா போதும்" என்றார். நாள்பட்ட நுரையீரல் நோயில் ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கேர் ஹோமில் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே எண். அத்தனை நோயாளிகளுக்கு நடுவில் அவர் அதைக் கவனித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவருடைய அறைக்கும் அந்த ஸ்டூலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் இவ்வளவு அறிவு, அந்தப் பக்கம் அந்த மாஸ்க்.

அம்மா விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர், கிளாக்கோமா. ராத்திரி ராத்திரி சொட்டு மருந்து விடுகிறார். ஊரில் எல்லோருக்கும் வைக்கிற டுவோலின் என்கிற நெபுலைசர் மருந்தில், மூச்சுக்குழாயை விரிக்கிற ரெண்டு மருந்து, லெவோசால்பியூட்டமாலோடு இப்ராட்ரோபியமும், சேர்ந்திருக்கிறது. மாஸ்க் மூக்குப் பக்கம் சரியாகப் படியாவிட்டால் பனி மேலே கசிந்து கண்ணுக்குப் போகும். இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால் கண் அழுத்தம் ஏறலாம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு மாஸ்க்கைவிட வாயில் கவ்வுகிற மவுத்பீஸ் நல்லது. டாக்டரிடம் சொன்னதும், "கரெக்ட், நான் எழுதித் தர்றேன்" என்று சீட்டில் எழுதினார். வீட்டில் தம்பி வாங்கிவைத்த மெஷின் இருந்தது. கழுவாத சேம்பரில் மருந்து வெள்ளையாகக் காய்ந்து அடைத்து, பனியே வராமல் பரணுக்குப் போய்விட்டிருந்தது. மெஷின் நன்றாகத்தான் ஓடியது. சேம்பரும் டியூபும் சேர்ந்த புதுக் கிட்டும் ஒரு மவுத்பீஸும் வாங்கினால் கிளினிக் மாஸ்க் பக்கமே போகவேண்டாம் என்று கடைக்குக் கிளம்பினோம்.

முதல் மெடிக்கலில், "மவுத்பீஸா? அதெல்லாம் யாரும் கேக்கறதில்லக்கா. மெஷினே புதுசா வாங்கிக்குங்க, டப்பாவுக்குள்ள இருக்கும்." கைவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷினா? அடுத்த கடையில் கிட் இருந்தது, மாஸ்க் மட்டும். இன்னொரு கடையில் பையன் உள்ளே போய், முகத்துக்கு ஆவி பிடிக்கிற ஸ்டீமரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் அதேதான்க்கா, தைலம்கூடப் போட்டுக்கலாம்" என்கிறான். எனக்கு வந்த கோபத்தை அடக்க நேரமானது. ஆவியும் நெபுலைசரும் ஒன்றில்லை. ஸ்டீமர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. நெபுலைசர் அழுத்தின காற்றால் மருந்தை நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்குப் பொடிப்பொடித் துளியாக்குகிறது. கொதிக்கவைப்பதே கிடையாது. மூச்சு முட்டுகிற ஒரு பெரியவரை அந்தக் கடையை நம்பி அனுப்பியிருந்தால் தைலம் போட்ட சுடுதண்ணீரோடு அல்லவா வீட்டுக்கு வந்திருப்பார்?

மருந்து மட்டும் எந்தக் கடையிலும் தாராளம். ஸ்ட்ரிப்பிலிருந்து ரெண்டு ரெஸ்பூல், அதாவது ஒரு வேளை மருந்து அடைத்த குட்டிப் பிளாஸ்டிக் குப்பி, கிழித்துக் கொடு என்றாலும் கொடுக்கிறார்கள். சீட்டு கேட்பதில்லை. அதிலும் எனக்கு ரெண்டு மனசு. ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருமுனையில் மருந்து கிடைப்பது பெரிய நிம்மதி. ஆனால் எத்தனை நாள் வைப்பது, நெஞ்சு படபடத்தால் என்ன செய்வது, நெபுலைசரில் புடேகார்ட் என்கிற மருந்து வைத்த பிறகு வாய் கொப்பளித்து முகம் கழுவணும் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அது ஸ்டீராய்டு. கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படிந்து வாய் புண்ணாகும். அம்மாவுக்கு வாய் புண்ணாகத்தான் இருந்தது. காரம் சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, நடவு முடிந்த வயல் காற்று முகத்தில் பட, இந்த ஊரை விட்டு ஏன் போனோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு சர்ஜிக்கல் கடை. வயசான கடைக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள், "கண்ணு பிரஷரா அம்மாவுக்கு?" என்று கேட்டார். அசந்துபோனேன். கீழ் அறையைத் திறந்து, பாலித்தீன் உறையில் போட்ட, T வடிவ இணைப்புக் குழாயான டி-பீஸையும் மவுத்பீஸையும் எடுத்துத் தன் கையாலேயே சேம்பரின் மேல் பொருத்திக் காட்டினார். "உதட்டை நல்லா மூடிக் கவ்வச் சொல்லும்மா. மூக்கால இழுக்காம வாயால இழுக்கணும். பல்செட் இருந்தா கழட்டவேணாம், கவ்வறதுக்கு அதுதான் புடிப்பு" என்றார். கிட்டும் சேர்த்து முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. லெஸ்டரில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து சொல்லித்தரும் பாடத்தை நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். கும்பகோணத்தில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்க, இதற்காக நாற்பது கிலோமீட்டர் போகவேண்டியிருந்ததுதான் ஆற்றாமை.

வீட்டில் தம்பி மனைவிக்குப் பழக்கிவிட்டேன். அம்மாவை நிமிர்ந்து உட்காரவைக்கணும். பனி நின்று பட்பட்டென்று சத்தம் வரும்வரை, சுமார் பத்து நிமிஷம் வைக்கணும். பிறகு கழுவிக் காயவைக்கணும். டியூபுக்குள் தண்ணீர் விடக்கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் மெஷினைச் சும்மா ஓடவிட்டால் காய்ந்துவிடும். ரெண்டே நாளில் அவள் என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ராத்திரி பாதியில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் மெஷின் வேறு குரலில் உறுமியது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "இது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்க்கா, ஃபேன் லைட்டுக்குத்தான், மோட்டார் சூடாயிடும்" என்றார். அதற்கும் டாக்டர் வழி சொல்லியிருந்தார்: கையால் அழுத்தி மருந்தை இழுக்கிற பம்பும் (இன்ஹேலர்), அதன் முன்னால் மாட்டுகிற ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையும். சரியாக அடித்து இழுத்தால் பெரும்பாலானவர்களுக்கு நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும், கரண்டும் வேண்டாம். அம்மாதான் "பம்பு அடிச்சா பழக்கமாயிடும்" என்று வருஷக்கணக்காகத் தொடாமல் இருந்தார். மெஷினில் போவதும் அதே வகை மருந்துதான் என்று ரெஸ்பூலையும் பம்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் கையில் வாங்கினார்.

எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருகிறார். வீட்டு வாசலுக்கே வந்து வைத்தியம் பார்க்க, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். பையைத் திண்ணையில் வைத்து, பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, "உப்பைக் குறைங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். லெஸ்டரில் என் வீட்டு வாசலுக்கு யாரும் இப்படி மாத்திரை கொண்டுவந்து விசாரித்ததில்லை. அம்மாவின் மவுத்பீஸை அவரிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுலயே நாலு வீட்ல மெஷின் இருக்குக்கா, எல்லாம் மாஸ்க்தான். கழுவணும்னே யாரும் சொல்லல" என்றார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாசல்வரை வருகிற கைக்கு, ஒரு சேம்பரைத் திறந்து பார்த்து "கழுவுங்க" என்று சொல்ல ஒரு நாள் பயிற்சி போதும். பொறுப்பில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அம்மா அப்பாவுக்கு மெஷின் வாங்கிப் போகிறவர்களுக்கு: அமெரிக்கா, கனடாவில் விற்பது 120 வோல்ட். நம்மூர் 230-இல் நேரே செருகினால் கருகிவிடும். லேபிளில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. மெஷினைவிட, ரெண்டு மூன்று கிட்டும் மவுத்பீஸும் கொண்டுபோவது உபயோகம்.

காற்று இழுக்கிற இடத்தில் இருக்கிற ஃபில்டர், சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பஞ்சு, அம்மாவின் மெஷினில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அது மட்டும் தஞ்சாவூரிலும் கிடைக்கவில்லை. திருச்சியிலோ சென்னையிலோ தனியாக விற்கிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தம்பியை அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.