மூக்கைப் பார்க்கப் போன மூன்று வாரம்

12 வயதில் கிரிக்கெட் பந்து பட்டுக் கோணிய மூக்கு எனக்கு. வலப்பக்கம் மூச்சு சரியாகப் போகாது. நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசுக் காப்பீடு மூச்சுத்தடைக்கான அறுவைசிகிச்சைக்குப் பணம் தரும், தோற்றத்தை மாற்றுவதற்குத் தராது. சரி, இந்த முறை திருச்சிக்குப் போகும்போது இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஓர் அழகு சிகிச்சை மையம். மூக்குக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டால் 10 நிமிடத்தில் நேராகிவிடும் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தில்லை நகரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். டோக்கன் வாங்கி நான்கு மணி நேரம் காத்திருந்தேன். ஆனால் உள்ளே முக்கால் மணி நேரம் பேசினார். "பார்வைக்கு நேராகணுமா, மூச்சு வரணுமா தம்பி?" என்பதுதான் அவரது முதல் கேள்வி. கேமராக் குழாயை உள்ளே விட்டு, வளைந்திருக்கும் நடுச்சுவரைத் திரையில் எனக்கே காட்டினார்.

அதை மட்டும் நேராக்குவது செப்டோபிளாஸ்டி. மூச்சு சரியாகும், வெளித்தோற்றம் பெரும்பாலும் மாறாது. எலும்பையும் குருத்தெலும்பையும் சேர்த்துத் திருத்துவது ரைனோபிளாஸ்டி. அதில் வெட்டு முழுவதையும் மூக்குக்குள்ளேயே வைக்கலாம். இல்லாவிட்டால் இரு துவாரங்களுக்கும் நடுவே சிறிதாக வெட்டி, தோலைத் தூக்கிப் பார்த்துச் செய்யலாம். அடிபட்ட மூக்கு என்பதால் எனக்கு இரண்டாவதுதான் நல்லது என்றார்.

ஃபில்லரைப் பற்றியும் கேட்டேன். மேட்டை மறைக்கும், மூச்சுக்கு உதவாது, நாளடைவில் கரைந்துவிடும். ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். முதல் நாள் இதை ஒருவர்கூடச் சொல்லாததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

நடுச்சுவரை இங்கே செய்துகொண்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாமா என்றேன். "இரண்டும் வேணும்னா ஒண்ணா செய்யுங்க" என்றார். மூக்குக்குத் தாங்கு கொடுக்கும் குருத்தெலும்பை அந்த நடுச்சுவரிலிருந்துதான் எடுப்பார்களாம். முன்பே அதை வெட்டி எடுத்துவிட்டால், பிறகு காதையோ விலாவையோ தேட வேண்டியிருக்கும். நான் யோசித்தே பார்க்காத விஷயம் இது.

அறுவைக்குப் பிறகு மேல்கட்டு ஒரு வாரம், முகத்தில் ரத்தம் கட்டிய நீலம் மறைய இரண்டு வாரம். மூக்கில் கண்ணாடி தாங்கக் கூடாத நாட்கள் அதற்கும் மேல். வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம்கூட ஆகலாம். "மூணு வார லீவுல நான் கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேன் சிடியோடு டொராண்டோ திரும்பினேன். அடுத்த வருடம் எட்டு வார விடுப்பு கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.